எழுபத்தைந்து சொற்களுக்குள் ஒரு வரி

பள்ளிக்கூடத்தின் மேல் கேஸ் போட்ட வக்கீல் என்று எங்கள் பகுதித் தமிழர்கள் நடுவே எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை வாங்கிக் கொடுத்தது 2016 ஆகஸ்டில் நடந்த ஒரு சின்ன வழக்கு. ஒரே ஒரு விசாரணை. சாட்சிக் கூண்டில் யாரும் ஏறவில்லை, ஜூரி கிடையாது. வாக்குச்சீட்டில் அச்சாகவிருந்த ஒரு வாசகத்தில் நான்கு சொற்கள் சரியா தவறா என்பதுதான் முக்கியப் பிரச்சினை.

இடம் கலிஃபோர்னியா. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு பள்ளி மாவட்டம். பெயர் வேண்டாம். பள்ளி மாவட்டம் என்பது இங்கே தனி உள்ளாட்சி அமைப்பு. நகராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கென்று தனி எல்லை, தனித் தேர்தல், தனிக் குழு. ஆசிரியர் சம்பளத்தில் பெரும்பங்கு மாநிலத்திலிருந்து வந்துவிடும். ஆனால் கூரை ஒழுகினால், புதிதாக ஆய்வுக்கூடம் கட்ட வேண்டுமென்றால், மாவட்டம் பெரும்பாலும் கடன் பத்திரம் வெளியிட்டுத்தான் பணம் புரட்ட வேண்டும். அந்தக் கடனை அடைப்பது உள்ளூர் வீட்டுக்காரர்களின் சொத்து வரி. ஆகவே கடன் வாங்கலாமா என்று ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். வகுப்பறை கட்டுவதற்குத் தேர்தலா என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். ஆமாம், தேர்தல்தான். அந்தக் கேள்விக்கு ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்து ‘மெஷர் இன்னது’ என்பார்கள்.

இந்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கினால் போதாது. 1879-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டத்திலிருந்தே உள்ளூர்க் கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1978 ஜூனில் முன்மொழிவு 13 வந்தது. ஹோவர்ட் ஜார்விஸ் என்பவர் முன்னின்று நடத்திய வரி எதிர்ப்பு இயக்கம் அது. சொத்து வரி ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மதிப்பிடலாம் என்று அது கட்டிப்போட்டது. வரி ஏற்றிப் புதுக் கடன் பத்திரம் போடும் வழியும் அதோடு அடைபட்டது. 1986-இல் முன்மொழிவு 46 அந்த வழியைத் திறந்தது, பழைய மூன்றில் இரண்டு பங்கு நிபந்தனையோடு. நூறு பேரில் முப்பத்துநான்கு பேர் வேண்டாமென்றால் பள்ளிக்குக் கூரை இல்லை என்ற நிலை.

2000-ஆம் ஆண்டு மார்ச்சில் இதைச் சாதாரணப் பெரும்பான்மையாக இறக்கப் பார்த்தார்கள். மாநில மக்கள் மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் 55 சதவீதம் என்று திருத்திக் கொண்டு மறுபடி வந்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் ரீட் ஹேஸ்டிங்ஸ், முதலீட்டாளர் ஜான் டோர் போன்றவர்கள் கைக்காசு போட்ட பிரசாரம் அது. முன்மொழிவு 39 என்ற அந்தத் திருத்தம் வென்றது. சலுகைக்கு விலையாகச் சில கட்டுகளும் வந்தன. எந்தெந்த வேலைக்குப் பணம் என்று முன்கூட்டியே பட்டியல் கொடுக்க வேண்டும், பத்திரப் பணத்தில் சம்பளம் கொடுக்கக்கூடாது, ஆண்டுதோறும் தணிக்கை, குடிமக்கள் மேற்பார்வைக் குழு. தொடக்கப்பள்ளி முதல் உயர்நிலைப்பள்ளி வரை நடத்தும் மாவட்டமென்றால், ஒரு தேர்தலில் கேட்கும் கடனுக்கு, ஒரு லட்சம் டாலர் வரி மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் வரி போகாது என்று கணக்குக் காட்ட வேண்டும். இந்த 60 டாலரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சிக்காரர் ஓய்வுபெற்ற கணக்காளர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மையார். 1975-இல் கணவரோடு சேர்ந்து வாங்கிய வீட்டில் தனியாக இருந்தார். முதல் சந்திப்பிலேயே ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தோரு வருஷத்துச் சொத்து வரி ரசீதுகள், ஆண்டு வாரியாக, ஒன்றுகூட விடாமல். சொத்து வரி வசூலிக்கும் எங்கள் கவுண்டியின் ரசீதில் ஒரு சதவீத அடிப்படை வரிக்குக் கீழே, வாக்காளர் ஒப்புதல் தந்த கடன்கள் ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கும்: பள்ளி, சமுதாயக் கல்லூரி, பூங்கா, ரயில். பள்ளியின் பழைய பத்திரத்துக்கு நேராக அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்தக் கடன் இன்னும் ஓரிரு ஆண்டில் அடைந்துவிடும். அடைந்தால் அந்த வரி ரசீதிலிருந்தே காணாமல் போகும்.

பெட்டியில் போவே ஊரைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளும் இருந்தன. சான் டியேகோ பக்கத்தில் உள்ள அந்தப் பள்ளி மாவட்டம் 2011-இல் பத்தரைக் கோடி டாலர் கடன் வாங்கியது. இருபது வருஷத்துக்குத் தவணையே கிடையாது. அதற்குப் பிறகு வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியது ஏறத்தாழ நூறு கோடி. அந்தக் கதை அடுத்த ஆண்டு வெளியே வந்து நாடே சிரித்தது. 2013-இல் சட்டமன்றம் இப்படிப்பட்ட பத்திரங்களுக்கு இருபத்தைந்து ஆண்டு, வாங்கியதில் நான்கு மடங்கு என்று உச்சவரம்பு வைத்தது. “போவே மக்களும் ‘வரி உயராது’ என்றுதான் கேள்விப்பட்டார்கள்” என்றார் அம்மையார்.

எங்கள் மாவட்டம் நவம்பர் தேர்தலுக்குக் கொண்டுவந்த மெஷர் 200 மில்லியன் டாலருக்கானது, அதாவது இருபது கோடி. வாக்குச்சீட்டில் அதற்கு எழுபத்தைந்து சொல் வரை இடம் உண்டு. அதற்கு மேல் சட்டம் விடாது. அந்த எழுபத்தைந்தை எழுதுவது பள்ளிக் குழு என்று பேர். உண்மையில் எழுதுவது ஆலோசனை நிறுவனங்கள். முதலில் வாக்காளர்களுக்குத் தொலைபேசிக் கருத்துக்கணிப்பு நடத்துவார்கள். ‘ஒழுகும் கூரை’ என்றால் எத்தனை பேர் ஆமாம் சொல்கிறார்கள், ‘அறிவியல் ஆய்வுக்கூடம்’ என்றால் எத்தனை பேர், ‘பணம் முழுவதும் நம் ஊரிலேயே இருக்கும்’ என்றால் எத்தனை பேர் என்று பார்த்துப் பார்த்துச் சொற்களைப் பொறுக்குவார்கள். ஆகவே இந்த மாநிலத்தில் எந்த ஊர் மெஷரை எடுத்துப் படித்தாலும் ஒரே ஆள் எழுதியது போலிருக்கும். ஒழுகாத கூரை கலிஃபோர்னியாவில் எந்தப் பள்ளியிலும் இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

எங்கள் வாசகத்தின் முதல் வரியிலேயே ‘வரி விகிதத்தை உயர்த்தாமல்’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் நான்கு சொற்கள். மாவட்டத்தின் கணக்கு இதுதான்: பழைய கடன் குறையக் குறையப் புதுக் கடனைப் பகுதி பகுதியாக இறக்குவோம், இரண்டும் சேர்ந்து இன்றைய விகிதத்திலேயே நிற்கும். ஆனால் அதே மாவட்டம் தேர்தல் சட்டப்படி தாக்கல் செய்த வரி விகித அறிக்கையில், இந்தப் புதுக் கடனுக்கான அதிகபட்ச விகிதம் லட்சத்துக்கு அறுபது டாலருக்குச் சற்றுக் கீழே என்று இருந்தது. ஒரு தாளில் உயர்வில்லை, இன்னொரு தாளில் அறுபது டாலர். இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை.

வழக்கு எடுத்த சேதி பரவ நாளாகவில்லை. எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்குவதே பள்ளிக்காகத்தான். எந்தப் பள்ளிக்கு என்ன மதிப்பெண் என்று பார்த்துவிட்டுத்தான் சமையலறையைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் ஒருவர் என்னை மடக்கினார்.

“என்ன சார், ஸ்கூலுக்கு எதிராவே கேஸா? உங்க பையனும் அங்கதானே படிக்கிறான்?”

“ஸ்கூலுக்கு எதிரா இல்லைங்க. ஓட்டுச் சீட்டுல எழுதினதுக்கு எதிரா.”

“எல்லாம் ஒண்ணுதான் சார். அந்தக் கிழவிக்குப் புள்ளைங்க வளந்தாச்சு. இனிமே யார் படிச்சா அவங்களுக்கு என்ன?”

கோபத்தில் நியாயம் இருந்தது. முன்மொழிவு 13-இன் விசித்திரம் அப்படி. அம்மையாரின் வீடு சந்தையில் பத்து லட்சத்துக்கு மேல் போகும். ஆனால் அதன் வரி மதிப்பு ஒரு லட்சம் டாலர் அளவில்தான் நின்றது. பள்ளிக் கடனுக்கு அவர் கட்டவேண்டியது ஆண்டுக்கு அறுபது டாலர். என்னை மடக்கியவர் அதே தெருவில் அதே மாதிரி வீட்டைச் சமீபத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கியவர். அவர் கட்டுவது எழுநூற்றுச் சொச்சம். பன்னிரண்டு மடங்கு கட்டுகிறவர் ‘இன்னும் கொடுக்கிறேன், பள்ளியைக் கட்டுங்கள்’ என்கிறார். மிகக் குறைவாகக் கட்டுகிறவர் வழக்குப் போடுகிறார். அதைவிடக் கொடுமை, என்னை மடக்கியவருக்கு ஓட்டே கிடையாது. எச்-1பி விசாவில் இருந்தார், பச்சை அட்டைக்கான வரிசையில் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தார். வரி உண்டு, வாக்கு இல்லை. (அதே நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரம், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று முன்மொழிவு ‘என்’ (N) மூலம் முடிவு செய்தது. விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் அப்போது அப்படி எதுவும் இல்லை.)

இதையெல்லாம் அம்மையாரிடமே சொன்னேன். அறுபது டாலருக்காகவா இந்த வழக்கு என்று எதிர்த்தரப்பு கேட்கும், என்ன சொல்வீர்கள் என்றேன். “எனக்கு அறுபது. எதிர்வீட்டுப் பையனுக்கு எழுநூறு. அவனால் கேட்கமுடியாது, என்னால் முடியும்” என்றார். இதைப் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க ஆசைப்பட்டேன். சட்டத்துக்கு அது பொருட்டில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

தேர்தல் வழக்குகளில் நாள்காட்டிதான் முதல் எதிரி. தேர்தலுக்கு 88 நாள் முன்பு, அந்த ஆண்டு ஆகஸ்ட் 12-க்குள், மெஷர் கவுண்டித் தேர்தல் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். பிறகு பொதுமக்கள் பார்வைக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளுக்குள் அந்த மாவட்டத்து வாக்காளர் யாரும் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம்: இந்த வாசகம் பொய், அல்லது திசைதிருப்புகிறது, மாற்றச் சொல்லுங்கள் என்று. பத்து நாள் தாண்டினால் கதவு மூடியது மாதிரிதான். தேர்தல் முடிந்தபின் வாசகம் சரியில்லை என்று போகிறவர்களை நீதிமன்றங்கள் அநேகமாகத் திருப்பி அனுப்பிவிடும். பத்து நாளுக்குள் வந்தாலும் நிரூபணத்தின் பளு அதிகம். சாதாரண உரிமையியல் வழக்கில் தராசு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் போதும். இங்கே தெளிவான, உறுதியான சான்று வேண்டும். அத்தோடு, அச்சு வேலை கெடக்கூடாது. வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்கு 45 நாள் முன்பே, அதாவது செப்டம்பர் 24-க்குள், சீட்டுகள் புறப்பட்டாக வேண்டும் என்று மத்தியச் சட்டம். அந்த வருஷம் மாநில அளவிலேயே பதினேழு முன்மொழிவுகள். மாநில வாக்காளர் கையேடு இருநூறு பக்கங்களைத் தாண்டியது. அச்சகங்கள் திணறிக்கொண்டிருந்தன.

மனுவில் நான்கு இடங்களைத் தாக்கியிருந்தோம். ‘ஒழுகும் கூரை’யும் அதில் ஒன்று, அந்தக் கோடையில் எந்தக் கூரையும் ஒழுகவில்லை என்பது அம்மையாரின் வாதம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கலிஃபோர்னியாவில் கோடையில் மழையே கிடையாது. அவர் பிடிவாதம் பிடித்ததால் சேர்த்தேன்.

வழக்கைத் தாங்கியது வேறொரு தாள். அதையும் கண்டெடுத்தவர் அவரே. கணக்காளர் புத்தி. மாநகராட்சி, பள்ளிப் பத்திரங்களை வாங்கும் முதலீட்டாளர்களுக்காக எம்மா என்று ஓர் இணையத்தளம் உண்டு. எந்த உள்ளாட்சி அமைப்பு பத்திரம் விற்றாலும் அதன் அதிகாரப்பூர்வ விவர அறிக்கை அங்கே ஏறும். யாரும் பார்க்கலாம், ஆனால் பத்திரம் வாங்காத யாரும் பார்ப்பதில்லை. எங்கள் மாவட்டம் பழைய பத்திரத்தை விற்றபோது போட்ட அறிக்கையை அவர் அச்செடுத்துக் கொண்டுவந்தார். மேலட்டைப் பக்கத்திலேயே இருந்தது: இந்தக் கடனை அடைக்க, மாவட்டத்தில் வரிவிதிப்புக்கு உட்பட்ட சொத்துகள் அனைத்தின் மீதும், விகிதத்திலோ தொகையிலோ வரம்பின்றி வரி விதிக்கக் கவுண்டிக்கு அதிகாரமும் கடமையும் உண்டு.

விகிதத்தில் வரம்பின்றி. இது அந்த மாவட்டத்தின் தந்திரம் அல்ல. கலிஃபோர்னியாப் பள்ளிப் பத்திரங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த வாசகம்தான் இருக்கும், சட்டமும் அதுவே. 60 டாலர் என்பது பத்திரம் விற்கும் நாளில் போடுகிற மதிப்பீடு. பிறகு வீட்டு விலை சரிந்து மாவட்டத்தின் மொத்த வரி மதிப்பு சுருங்கினால், தவணை குறையாது. ஆகவே விகிதம் ஏறித்தான் தீரும். 2008 சரிவுக்குப் பின் சில மாவட்டங்களில் அப்படி ஏறவும் செய்தது. வால் ஸ்ட்ரீட்டில் கடன் கொடுக்கிறவனிடம் ‘வரம்பே இல்லை, பயப்படாதே’ என்கிறோம். அதே கடனைக் கட்டப்போகிறவரிடம் ‘ஒரு காசு உயராது, பயப்படாதே’ என்கிறோம். முதலாமவனிடம் பொய் சொன்னால் பங்குப் பத்திரச் சட்டம் கழுத்தைப் பிடிக்கும்; அதனால் அங்கே உண்மை முதல் பக்கத்தில் இருக்கிறது. வாக்காளரிடம் சொல்வதற்கு அப்படி ஒரு பயம் இல்லை. அந்த வழக்கில் நான் சொல்லவேண்டியிருந்தது இவ்வளவுதான்.

எங்கள் கவுண்டியில் விசாரணைக்கு முந்தின மாலையே நீதிபதி தன் உத்தேச முடிவை நீதிமன்றத் தளத்தில் போட்டுவிடுவார். போட்டிருந்தார்: மனு தள்ளுபடி. வரி விகித அறிக்கையில் முழு விவரமும் இருக்கிறது, வாக்காளர் எல்லாவற்றையும் சேர்த்தே படிப்பார் என்று கொள்ள வேண்டும், விகித வாசகம் முதலீட்டு அறிக்கைகளில் வழக்கமாக வரும் சம்பிரதாயம். இப்படிப்பட்ட முடிவை மறுநாள் மாற்றவைப்பது அபூர்வம். ஆனாலும் வாதாட உரிமை உண்டு. அம்மையாரிடம் தொலைபேசியில் சொன்னேன். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

நீதிமன்றத்தில் மூன்று வக்கீல்கள். நான், மாவட்டத்தின் வக்கீல், கவுண்டியின் வக்கீல். கவுண்டிக்காரருக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும், அது ஒன்றே அவர் கட்சி. மாவட்டத்தின் வக்கீல் இந்தத் துறையில் ஊறியவர், பள்ளிப் பத்திரங்களைத் தவிர வேறெதையும் தொடாத பெண்மணி. நன்றாகவே வாதாடினார். ‘உயர்த்தாமல்’ என்பது இன்றைய விகிதத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது, அந்த ஒப்பீட்டில் அது உண்மை, எழுபத்தைந்து சொல்லில் பாடப்புத்தகம் எழுதமுடியாது என்றார்.

நான் வாசகத்தை விட்டுவிட்டு வாக்குச்சாவடியைப் பற்றிப் பேசினேன். சட்டம் என்ன அனுமானித்தாலும், கையேட்டின் வரி அறிக்கையைப் படிக்கிறவர் சிலர். வாக்குச்சீட்டைப் படிக்காமல் யாரும் ஓட்டுப் போட முடியாது. ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டால் வரி குறையும், ‘வேண்டும்’ என்று போட்டால் குறையாது. வாக்காளர் முன் இருப்பது இந்த இரண்டு வழிகள்தான். சீட்டில் இருக்கும் வாசகமோ எந்த வழியில் போனாலும் வரி ஒன்றுதான் என்று சொல்கிறது.

நீதிபதி சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எதிர்த்தரப்பைப் பார்த்து, “என் கார்க் கடன் அடுத்த மாதம் முடிகிறது. அதே தவணைக்கு இன்னொரு கார் வாங்கினால், மாதச் செலவு உயரவில்லை என்று மனைவியிடம் சொல்லலாமா?” என்றார்.

“சொல்லலாம், கனம் நீதிபதி அவர்களே. அவர் நம்புவாரா என்பது வேறு விஷயம்.”

சிரிப்பு அடங்கியதும் அவர் எங்கள் இணைப்புத் தாளைக் கையில் எடுத்தார். “அடுத்த ஆண்டு இந்த மாவட்டத்தின் மொத்த வரி மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு சரிந்தால், விகிதம் ஏறுமா?”

“தவணைக்குத் தேவையான அளவுக்குக் கவுண்டி ஏற்றியாக வேண்டும்.”

“அதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?”

“யாருடையதும் வேண்டாம்.”

“பள்ளிக் குழு வேண்டாமென்றால்?”

“தடுக்க முடியாது.”

நெளியாமல் நேராகச் சொன்னார். அவருக்கு வேறு பதில் இருந்ததா என்றால், சுற்றி வளைக்க ஆயிரம் வழி இருந்தது. அவர் வளைக்கவில்லை. அதற்கப்புறம் பல வழக்குகளில் அவரை எதிர்த்திருக்கிறேன். அந்த மரியாதை குறையவில்லை.

அந்தப் பதிலோடு முடிந்தது. தன் கையில் இல்லாத ஒன்றை மாவட்டம் வாக்குச்சீட்டில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அந்த அளவுக்கு அது திசைதிருப்புகிறது என்று நீதிபதி முந்தின மாலை எழுதியதை மாற்றினார். மற்ற மூன்று இடங்களும் தள்ளுபடி. கூரை ஒழுகலாம் என்றார். ‘வரி விகிதத்தை உயர்த்தாமல்’ என்பதற்குப் பதிலாக ‘இன்றைய வரி விகிதத்தை உத்தேசமாக நீட்டித்து’ என்ற பொருளில் ஒரு தொடர் போட வேண்டும், இரு தரப்பும் பேசி மதியத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

வெளியே தாழ்வாரத்தில் புதுச் சிக்கல். புதுத் தொடர் ஆங்கிலத்தில் ஐந்து சொற்கள், பழையது நான்கு. வாசகம் ஏற்கெனவே சரியாக எழுபத்தைந்து. ஒரு சொல்லைக் கழிக்க வேண்டும். மாவட்டத்தின் வக்கீல் தொலைபேசியில் யாரையோ பிடித்தார். அந்தப் பக்கம் ஆலோசனைக்காரர்கள் எந்தப் பெயரடையையும் விட மறுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்துக்கணிப்பில் விலை கொடுத்திருக்கிறார்களே. நாங்கள் சுவரோரம் நின்று பென்சிலால் எண்ணிக்கொண்டிருந்தோம். கலிஃபோர்னியாத் தேர்தல் சட்டத்தில் சொல்லை எப்படி எண்ணுவது என்பதற்கே ஒரு பிரிவு இருக்கிறது. ஊர்ப் பெயர் எத்தனை சொல்லானாலும் ஒன்று. தேதி ஒன்று. அகராதியில் இருக்கும் இணைப்புக்குறிச் சொல் ஒன்று. முழுக்க இலக்கத்தில் எழுதிய எண் ஒன்று; எழுத்தில் எழுதினால் தனித்தனி.

அதுவரை சும்மா இருந்த கவுண்டி வக்கீல்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “‘200 மில்லியன்’ என்று இருக்கிறது. அது இரண்டு சொல். எண்ணாகவே எழுதினால் ஒன்று.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தத் துறையில் பழகினவர்கள் பலரும் இடத்தை மிச்சம் பிடிக்க முழு எண்ணாகத்தான் எழுதுவார்கள். இங்கே வேண்டுமென்றே ‘மில்லியன்’ போட்டிருந்தார்கள். பூஜ்யங்களின் வரிசை வாக்காளரை மிரட்டும் என்று. இரண்டுக்குப் பின்னால் எட்டு பூஜ்யங்களோடு வாசகம் நீதிபதியிடம் போனது. கையெழுத்தானது. உத்தரவைவிட எனக்கு அந்த எட்டு பூஜ்யங்கள் அதிகம் பிடித்திருந்தன. அவற்றை நான் கேட்கவே இல்லை.

நவம்பர் தேர்தல் இரவில் மெஷர் 55-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. தமிழ் வகுப்பு வாசலில் எனக்குக் கிடைத்த பார்வைகளைச் சொல்லி முடியாது. ஆனால் இங்கே தேர்தல் இரவோடு எண்ணிக்கை முடிவதில்லை. தபால் வாக்குகளைப் பல வாரம் எண்ணுவார்கள். கடைசியில் சான்றளித்த முடிவில் மெஷர் மயிரிழையில் கரையேறியது. என் வழக்கால் தோற்கப்போகிறது என்றவர்களும், வழக்கால் என்ன ஆயிற்று, ஜெயித்துவிட்டதே என்றவர்களும் ஒரே ஆட்கள்தான். நான் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. வாசகம் சரியாக இருந்து மக்கள் சரி என்றால் எனக்கோ என் கட்சிக்காரருக்கோ அதில் குறையே இல்லை.

வக்கீல் கட்டணத்தில் ஒரு சங்கடம் வந்தது. பொதுநலனுக்காகப் போராடி ஜெயித்தவரின் வக்கீல் செலவைத் தோற்ற அரசு அமைப்பு கொடுக்க வேண்டும் என்று எங்கள் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. மாவட்டம் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனால் பத்திரப் பணம் கட்டடத்துக்கு மட்டும். ஆகவே இது பொது நிதியிலிருந்து, அதாவது ஆசிரியர் சம்பளம் போகும் பானையிலிருந்து வரும். அம்மையாருக்கு இது தெரிந்ததும் என் பில்லைக் கேட்டு வாங்கிச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பினார். நூலக ஆராய்ச்சிக்கு நான் போட்டிருந்த மணிக்கணக்கைப் பாதியாக வெட்டியிருந்தார். எம்மாவில் தேடியது அவர், நான் அல்ல என்று ஓரத்தில் குறிப்பு. மறுக்க முடியவில்லை.

மறு ஆண்டு சட்டமன்றம் ஏபி 195 என்ற சட்டத்தை இயற்றியது. 2018 முதல், உள்ளாட்சிகள் கொண்டுவரும் பத்திர, வரி மெஷர்களில் ஆண்டுக்கு எவ்வளவு வசூலாகும், என்ன விகிதம், எத்தனை ஆண்டு என்பதை அந்த எழுபத்தைந்து சொல்லுக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். பள்ளி மாவட்டங்களுக்குப் பிடிக்கவே இல்லை. 2020 மார்ச்சில் வழக்கத்தைவிட அதிகமான பள்ளி மெஷர்கள் தோற்றபோது இந்தச் சட்டத்தின்மேல் பழி போட்டார்கள். அந்தத் தேர்தலில் மாநில அளவிலான 1500 கோடி டாலர் பள்ளிப் பத்திரமும் தோற்றது. தற்செயலாக அதற்கும் முன்மொழிவு 13 என்றே எண் விழுந்திருந்தது, 1978-இன் 13-இல் கைவைக்கிறார்கள் என்று பயந்தவர்கள் எத்தனையோ. எண்களைச் சீட்டிலிருந்து கையேட்டுக்குத் தள்ளும் மசோதா ஒன்றை மாநில செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்து, அது நிறைவேறி, 2019-இல் ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்திருந்தார். அவர் மறுத்தது சரியென்றே நினைக்கிறேன். எண் சிக்கலானது, மக்களைக் குழப்பும் என்கிறார்கள். பழைய கடன் முடிகிறது என்ற சேதியையும் சேர்த்துச் சொல்ல இடமில்லை என்பது உண்மைதான். அதற்கு இடத்தை எழுபத்தைந்திலிருந்து கூட்டட்டும். எண்ணை மறைத்து வாங்குகிற 55 சதவீதத்தில் எனக்கு ருசி இல்லை.

அம்மையார் சும்மா இருக்கவில்லை. மேற்பார்வைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதில் ஒருவர் மூத்த குடிமக்கள் அமைப்பிலிருந்து, ஒருவர் வரி செலுத்துவோர் அமைப்பிலிருந்து என்று சட்டம் சொல்கிறது. மூத்த குடிமக்கள் இடத்துக்கு விண்ணப்பித்தார். வழக்குப் போட்டவரையே நியமிக்கப் பள்ளிக் குழுவுக்கு மனமில்லை. வேறு யாரும் விண்ணப்பிக்காததால் நியமித்தார்கள். இரண்டு ஆண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. பில்களை வரிவரியாகப் படிப்பார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளி விளையாட்டு மைதானத்துக்கு ராட்சத விளக்குகள் போடும் திட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட. என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வழக்குப் போடவா என்று பயந்தேன். சான் டியேகோத் தீர்ப்பின் நகல் வேண்டும் என்றார். 2008-இல் சான் டியேகோ மாவட்டம் முன்மொழிவு எஸ் மூலம் 210 கோடி டாலருக்கு ஓட்டு வாங்கி, ஹூவர் உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் விளக்குப் போடப் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்காடினார்கள். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மக்கள் ஓட்டுப் போட்ட பட்டியலில் அந்தப் பள்ளிக்கு விளக்கு இல்லை, ஆகவே அந்தப் பணத்தில் போடமுடியாது என்று சொல்லிவிட்டது. எங்கள் மெஷரின் பட்டியலிலும் மைதானம் இருந்தது, இருக்கைகள் இருந்தன, விளக்கு இல்லை.

குழுக் கூட்டத்துக்கு அந்தத் தீர்ப்போடு போனார். திட்டம் பத்திரக் கணக்கிலிருந்து விலகியது. பிறகு பெற்றோர் சங்கம் நன்கொடை திரட்டத் தொடங்கியது, நம் ஆட்களும் தாராளமாகக் கொடுத்தார்கள், மறு பருவத்தில் விளக்குகள் நின்றன. அடுத்த மேற்பார்வைக் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: மின் கட்டணம் எந்தக் கணக்கில்? தலைவர், அது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது என்றார். அது தனக்கும் தெரியும், நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவு செய்தால் போதும் என்றார் அவர்.